வெள்ளியும் ஞாயிறும் நல்ல பிள்ளையாக இருந்த காடு

இப்போது எல்லாம் சுகம். கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் கோபுரத்தின் மூலப்பரப்பு சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வரைபடத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற வருடம்தான் எங்கள் கந்தோருக்கு அந்த மென்பொருள் வந்தது. இளையவர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "அன்ரி, நீங்கள் இதையெல்லாம் கையால கீறினனீங்களாமே, உண்மையோ?" என்று கேட்டார்கள். உரலில் மா இடித்தீர்களாமே என்று கேட்பது போலிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கையால் கீறிய அந்தக் கோடுகள் ஒரு காட்டைக் காப்பாற்றின என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலப்பரப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காட்டுக்கு நடுவே ஒரு இரும்புக் கோபுரம். உச்சியில் இரண்டு கருவிகள். ஒன்று காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, மேலே போகிறதா கீழே வருகிறதா என்று நொடிக்குப் பல தடவை பார்க்கும். மற்றது அந்தக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று பார்க்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கீழேயுள்ள நிலம் வாயுவை இழுக்கிறதா விடுகிறதா என்று தெரியும். அதைத்தான் நாங்கள் பாயம் என்போம். இழுத்தால் கழித்தல் குறி, விட்டால் கூட்டல் குறி. எங்கள் தொழிலில் மட்டும் கழித்தல் வந்தால் சந்தோஷப்படுவோம்.

ஆனால் எந்த நிலம்? அதுதான் கேள்வி. வீட்டு முற்றத்தில் நிற்கும்போது மீன் பொரிக்கிற வாசம் வந்தால், அது உங்கள் குசினியில் இருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டுமென்று இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக் குசினி அது. கோபுரமும் அப்படித்தான். காற்று வரும் பக்கமாக நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டைத்தான் அது மணக்கிறது. காற்று மாறினால் துண்டும் மாறும். அந்தத் துண்டுதான் மூலப்பரப்பு. அதைக் கணக்கால் கண்டுபிடித்துக் கீறுவதுதான் என் வேலை. பத்து வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன்.

நான் விடத்தல்தீவில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தேன், முருங்கனில் கொஞ்சக் காலம் படிப்பித்தேன், சண்டை முடிந்து றோட்டுகள் திறந்த பிறகு மன்னாரில் இருந்த வளிமண்டல ஆய்வுக் கந்தோரில் சேர்ந்தேன். குளிர்நாடு ஒன்றுக்குச் சில மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே உயரத்தில் ஒரே மரம். எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் விடை ஒன்றுதான். கணக்கு இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இங்கே உவர்த்தண்ணீரில் வேரூன்றி நிற்கும் எங்கள் கண்டல் காட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பு பூத்த வெட்டை, ஒரு பக்கம் வயல், நடுவிலே வாய்க்கால்கள். சுலபம் அன்றோடு போயிற்று.

எங்கள் பொறுப்பதிகாரி பத்மநாதன் சேர். சாவகச்சேரிக்காரர். நெற்றியில் திருநீறு, கசங்காத வெள்ளைச் சட்டை. தன்னுடைய கதிரையில் அவர் இருந்து நான் கண்டது குறைவு. நின்றபடியேதான் வேலை. நாங்கள் ஒரு வரைபைக் கொண்டுபோய் நீட்டினால், முதல் வேலையாக அதன் தலைப்பைக் கையால் மூடுவார். தலைப்பு கண்ணில் பட்டால் புத்தி அதன் பின்னால் போய்விடும் என்பார். பிறகு கோட்டை மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"இது ஆற்ற காத்து பிள்ளை?"

யாருடைய காற்று என்று கேட்டால், எந்தத் திசை, எந்த நேரம், எந்த நிலத்தின் மேலால் வந்தது என்று மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஏச மாட்டார். தாளைத் திருப்பித் தந்து, "இன்னும் காயேல்ல. கொண்டுபோய்க் காயவிட்டுக் கொண்டா" என்பார். கருவாடு காயும் ஊரில் வந்து வேலை பார்த்த மனிதர் பழகிக்கொண்ட பேச்சு அது. நான் கொண்டுபோன முதல் வரைபு எத்தனை தரம் காய்ந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. வெயில் கூடினது என் தலைக்குத்தான்.

கோபுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டலுக்குள் பலகை நடைபாதை போட்டு, அதன் முடிவில் நிறுத்தியிருந்தோம். கிழமைக்கொரு தரம் ஏறுவேன். இடுப்புப் பட்டி கட்டி, கொளுக்கியை ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி ஏற வேண்டும். கால்சட்டை போட்டுக்கொண்டு ஏறுகிறேன் என்று ஊரில் முதல் மாதம் கதை, இரண்டாவது மாதம் சிரிப்பு, மூன்றாவது மாதம் "மேலயிருந்து பார்த்தா எங்கட வீடு தெரியுதோ?" என்ற விசாரிப்பு. மேலே போனதும் முதலில் கருவியின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மன்னார்க் காற்றில் உப்பு இல்லாத நாள் கிடையாது. வடித்த தண்ணீரால் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, கருவியின் வடக்கு உண்மையான வடக்கோடு பொருந்துகிறதா என்று கோயில் சிலுவையைக் குறிபார்த்துச் சரிபார்ப்பேன். எங்கள் கோயில் சிலுவை எந்தப் பாகையில் நிற்கிறது என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்தக் காட்டின் வழக்கு வந்தது ஒரு சோளகக் காலத்தில்தான். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக விடாமல் அடிக்கும் காற்றை எங்கள் ஆட்கள் சோளகம் என்பார்கள்.

கண்டலின் கடல்பக்கத்து அரைவாசியை அழித்து இறால் பண்ணை போட ஒரு கம்பனி கேட்டிருந்தது. கண்டல் கரியமில வாயுவை இழுத்து வைக்கிற காடு, அதைத் தொடக் கூடாது என்று ஊராட்கள் எதிர்த்தார்கள். கம்பனி கெட்டித்தனமாக ஒரு வேலை செய்தது. எங்கள் கோபுரத்தின் அளவீடுகளையே கேட்டு வாங்கி, கொழும்பிலிருந்து நிசாந்தன் என்ற பொறியியலாளரைக் கொண்டு ஆராய்வித்தது. அவருடைய அறிக்கையின் சுருக்கம் இதுதான்: கடந்த இரண்டு சோளகக் காலங்களிலும் பகல் நேரத்தில் இந்தக் காடு வாயுவை இழுக்கவில்லை, விட்டிருக்கிறது. ஆகவே இது சாகும் காடு. சாகும் காட்டைக் காப்பாற்றி என்ன பயன்?

அறிக்கையை இரண்டு தரம் படித்தேன். எண்கள் பொய்யில்லை. எங்கள் கருவி சொன்ன எண்கள், நான் கண்ணாடி துடைத்த கருவி. என் தம்பி யூட் அந்தக் கண்டல் ஓரத்தில்தான் இறாலுக்கும் நண்டுக்கும் வலை போடுகிறவன். ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் சோறு. என்னுடைய கோபுரமே என் ஊரின் வாயில் மண் போடப்போகிறது என்ற நினைப்பு என்னைச் சாப்பிட விடவில்லை. யூட் வந்து கேட்டான், "அக்கா, உன்ர கருவிதான் காடு செத்துப்போச்செண்டு சொல்லுதாம். மெய்யோ? நான் நேற்றும் அதுக்குள்ளதானே இறால் பிடிச்சனான்."

கோபுரத்துக்குத் தென்மேற்கே, மரங்கள் முடியும் இடத்துக்கு அப்பால், கரையில் காதர் நானாவின் வாடி, கடலட்டை அவிக்கும் கொட்டில், இருந்தது. உப்புக்குளத்துக்காரர். சண்டைக் காலத்தில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து கடலட்டை வியாபாரம் செய்தார். பழைய இறங்குதுறை மண்மூடிப் போனதால் இரண்டு வருடத்துக்கு முன்புதான் வாடியை அந்த இடத்துக்கு மாற்றியிருந்தார். எங்கள் ஊர்ப் பையன்கள் சுழியோடி எடுத்து வரும் அட்டையைப் பெரிய கிடாரங்களில் போட்டு, விறகு எரித்து, அன்றன்றைக்கே அவித்துக் காயவைப்பார்கள். எரியும் விறகு கரியமில வாயு விடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போக முடியாது. நிசாந்தன் தன் அறிக்கையில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் கீறி, வட்டத்துக்குள் முழுக்கக் கண்டல்தான், வேறொன்றுமில்லை என்று எழுதியிருந்தார். வாடி வட்டத்துக்கு வெளியே கிடந்தது.

வட்டம்! அதைக் கண்டதும் எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. காற்று எந்த ஊரில் ஐயா எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அடிக்கிறது?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, மனம் கேளாமல் நேரே கந்தோருக்குப் போனேன். கணினியில் அன்றைய கோடு ஓடிக்கொண்டிருந்தது. கழித்தல். நல்ல ஆழமான கழித்தல். காடு அசல் காடாக வாயுவை இழுத்துக்கொண்டிருந்தது. காற்று அதே சோளகம், வெயில் அதே வெயில். முதல்நாள் சனிக்கிழமையைப் பார்த்தேன். கூட்டல். முந்தின ஞாயிறைப் பார்த்தேன். கழித்தல். அதற்கு முந்தின ஞாயிறு? கழித்தல். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு சோளகக் காலங்களையும் கிழமை வாரியாகப் பிரிக்கத் தொடங்கினேன். பிரித்து முடித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காடு நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளை. மற்ற நேரத்தில் அநேகமாகக் குழப்படி.

எங்கள் ஊரில் ஞாயிறு ஒருவரும் கடலுக்குப் போக மாட்டார்கள். போனால் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொல்லிவிடுவார், பெயர் சொன்னால்கூட அவ்வளவு வெட்கமாக இராது. கடலுக்குப் போகாவிட்டால் அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் நெருப்பு இல்லை. வெள்ளி மத்தியானம் காதர் நானாவும் அவருடைய ஆட்களும் அடுப்பை அணைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை வரைபோடு பத்மநாதன் சேரின் முன் போய் நின்றேன். தலைப்பை மூடினார். பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கும் முன்பே நான் தொடங்கிவிட்டேன்.

"சேர், இந்தக் காடு ஞாயிறு பூசைக்குப் போகுது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் போகுது."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கட கோயிலுக்கு மட்டும் வரேல்லையோ?" என்றார். பிறகு வாடி அடுப்பைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு, சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "இது அரைவாசி. கிழமை பொருந்துது. இடம் பொருந்துதோ? அந்த நெருப்பு உன்ர கோபுரத்துக்குத் தெரியுமெண்டு கணக்கால காட்டு. கையால காட்டு" என்றார்.

அதுதான் நான் கையால் கீறிய கதை. கணினி இல்லாமல் இல்லை. ஆனால் சேர் விடவில்லை. கணினி பிழைவிட்டால் பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நீ என்றார். முதலில் நிலத்தை அளந்தேன். முழங்கால் மட்டும் சேற்றில் நின்று, மரம் முடியும் ஓரம், வெட்டை தொடங்கும் ஓரம், வாய்க்கால், வாடி எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தேன். பிறகு ஒவ்வொரு அரைமணித் துண்டாக எடுத்தேன். காற்றின் திசை, வேகம், மரங்களோடு உராய்ந்து அது எவ்வளவு குழம்புகிறது, நிலத்திலிருந்து சூடு எவ்வளவு எழும்புகிறது, மர உச்சிக்கு மேலே கருவி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. இவ்வளவையும் சூத்திரத்தில் போட்டால் காற்று வரும் பக்கமாக நீளும் ஒரு முட்டை வடிவம் வரும். கோபுரத்தின் காலடியில் நிற்கும் மரம் அந்த முட்டைக்குள் அநேகமாக இராது. கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தில்தான் கோபுரம் ஆகக் கூடுதலாக மணக்கும், அதற்கப்பால் மெல்ல மெல்லக் குறையும்.

சூடு கூடி, காற்று மெலிந்த நேரத்தில் முட்டை குட்டையாகிக் கோபுரத்தின் அருகிலேயே அடங்கும். சோளகம் பலமாக அடிக்கும்போது அது நீண்டுகொண்டே போகும். மெல்லிய தாளில் ஒவ்வொரு முட்டையாகக் கீறி, வரைபடத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். சோளக முட்டைகள் மரங்களைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, வாடியின் கிடாரங்கள் மேல் போய் விழுந்தன. காற்று மெலிந்த நேரத்து முட்டைகள் காட்டுக்குள்ளேயே நின்றன. அந்த அரைமணிகளில் எந்தக் கிழமையானாலும் கழித்தல்தான். கடைசித் தாளை வைத்தபோது நான் கதிரையை விட்டு எழும்பி அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன். இருக்க முடியவில்லை.

சேர் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முடிவில் ஒரே சொல்தான் சொன்னார். "காஞ்சிட்டுது."

மாவட்ட அலுவலகமான கச்சேரியில் கூட்டம் நடந்தது. தலைமை, மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபர். கம்பனிக்காரர்கள், ஊராட்கள், நிசாந்தன், நாங்கள். நான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். வெள்ளி, ஞாயிறு கதையில் சபை சிரித்தது. நிசாந்தன் சிரிக்கவில்லை. மெலிந்த உடம்பு, மரியாதையான பேச்சு. எழும்பி நின்று சொன்னார்.

"மிஸ் நல்லா வேலை செய்திருக்கிறா. ஆனா விடை தெரிஞ்ச பிறகு அதுக்கேத்த மாதிரிக் கணக்குப் பொருந்துறது பெரிய விஷயமில்லை. மிஸ் அந்த ஊர் ஆள். தம்பி அங்க தொழில் செய்யிறார். இதையும் யோசிக்க வேணும்."

முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் என் புத்தி அவர் பக்கம் நின்றது. அவருடைய இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதனால் கோபம் இன்னும் கூடியது. எழும்பினேன்.

"அப்ப என்னைச் சோதிச்சுப் பாருங்கோ. நான் வாடிப் பக்கமே வரேல்ல. நீங்களே போய் நில்லுங்கோ. உங்களுக்கு விருப்பமான நாளில, விருப்பமான நேரத்தில நெருப்பு மூட்டுங்கோ, அணையுங்கோ. எனக்குச் சொல்ல வேண்டாம். மன்னாரில, கந்தோருக்குள்ள இருந்துகொண்டு எப்ப எரிஞ்சது, எப்ப எரியேல்ல எண்டு நான் சொல்லுறன்."

பத்மநாதன் சேர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் கண்டேன். அரசாங்க அதிபர் நிசாந்தனைப் பார்த்தார். அவர், "எனக்குச் சம்மதம்" என்றார்.

இனிக் காதர் நானாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். உப்புக்குளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார், முகம் தரவில்லை.

"என்ன புள்ள கதைக்கிறீங்க? காடு கெட்டுப்போனதுக்கு என்ட அடுப்புத்தான் காரணமெண்டு நானே நெருப்பு மூட்டிக் காட்டணுமா? பொறகு என்ட வாடிய மூடச் சொன்னா நான் எங்க போறது? திரும்பப் புத்தளத்துக்கா?"

"காடு கெடேல்ல நானா. அதைத்தான் காட்டப் போறன். காட்டை வெட்டிப் பண்ணை வந்தால் உங்கட வாடி நிக்கிற கரையும் அவங்கட வேலிக்குள்ளதான் போகும். வரைபடத்தில பார்த்தனான்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு வேற எடம் கேட்டுத் தருவீங்களா?" என்றார்.

"கேப்பன். கூட்டத்தில எழும்பி நிண்டு கேப்பன்."

"சரி. ஆனா ஞாயித்துக்கெழம மூட்டச் சொன்னா வெறகு தூக்க ஆள் இல்ல. எல்லாப் பொடியன்களும் உங்கட கோயில்ல."

அப்படியே நடந்தது. அந்தக் கிழமை நான் கந்தோரை விட்டு அசையவில்லை. வாடியில் நிசாந்தனும், சாட்சிக்குக் கிராம சேவகரும். ஞாயிறு நெருப்பு மூட்ட நிசாந்தனே விறகு தூக்கினாராம், கொழும்புச் சட்டை கரியாகிப் போனதாம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. என்னிடம் கோபுரத்திலிருந்து வந்த எண்கள் மட்டும்தான் இருந்தன. ஒவ்வொரு அரைமணிக்கும் முட்டை கீறினேன். வாடி அதற்குள் வந்தால் அந்த நேரத்துப் பாயத்தைப் பார்த்து, எரிந்தது அல்லது எரியவில்லை என்று எழுதினேன்.

ஒரு இடத்தில் பேனை நின்றுவிட்டது. வியாழன் பின்னேரம். எண் நல்ல கழித்தல். யாரும் பார்த்தவுடன் எரியவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தூரத்தில் எங்கோ மழை கிளம்பியதால் காற்று கொஞ்ச நேரம் திரும்பி வடக்கிலிருந்து வந்திருந்தது. முட்டை எதிர்ப்பக்கம் போய்விட்டது. பத்மநாதன் சேர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் எழுதியதை வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்குச் சபை நிரம்பி வழிந்தது. யூட் கடலுக்குப் போகாமல் வந்து சுவரோடு சாய்ந்து நின்றான். அரசாங்க அதிபர் என்னை வாசிக்கச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். நிசாந்தன் தன் கையிலிருந்த தாளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். திங்கள் காலை எரிந்தது. சரி. மத்தியானம் அணைத்தீர்கள். சரி. புதன் முழுக்க நெருப்பில்லை. சரி. ஞாயிறு பூசை நேரத்தில் எரிந்தது. சரி. ஒவ்வொரு "சரி"க்கும் சபையில் ஒரு முணுமுணுப்பு எழும்பி அடங்கியது.

"வியாழன் பின்னேரத்தை விட்டிட்டீங்கள்" என்றார் நிசாந்தன்.

"விடேல்ல. அந்த நேரம் எரிஞ்சதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

கம்பனிக்காரர் ஒருவர் மெல்லச் சிரித்தார். நிசாந்தன் சிரிக்கவில்லை. "ஏன்? எண் கழித்தலாத்தானே இருந்தது? எரியேல்ல எண்டு சொல்லியிருக்கலாமே."

"அந்த நேரம் காத்து வடக்கால வந்தது. கோபுரம் வாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால நடக்கிறதை எப்பிடிச் சொல்லுறது?"

நிசாந்தன் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். அரசாங்க அதிபரைப் பார்த்துப் பேசினார்.

"காத்து திரும்பினதைக் கண்டிட்டுத்தான் நான் அப்ப எல்லாக் கிடாரத்துக்கும் நெருப்பு மூட்டச் சொன்னனான். கணக்குத் தெரியாத ஆளெண்டால் எரியேல்ல எண்டு சொல்லுவினம். கணக்கைப் பொருத்திற ஆளெண்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம். தெரியாது எண்டு சொல்ல ஒரு ஆளாலதான் முடியும். உண்மையா மூலப்பரப்பு தெரிஞ்ச ஆளால." கொஞ்சம் நிறுத்தினார். "நான் கீறின வட்டம் பிழை. இந்தக் காடு சாகேல்ல. என்ர அறிக்கையை நான் திருப்பி எடுக்கிறன்."

அரசாங்கக் கூட்டங்களில் ஒருவரும் கைதட்டுவதில்லை. அன்று ஒருவர் தட்டினார். திரும்பிப் பார்த்தால் பத்மநாதன் சேர். நின்றபடி, கசங்காத சட்டையோடு, குழந்தைப்பிள்ளை மாதிரித் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு யூட் விசிலடித்தான். பிறகு சபை முழுக்க. எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் என் கலியாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை, என் கணவர் கோபித்தாலும் பரவாயில்லை, எழுதிவிட்டேன்.

இரைச்சல் அடங்கியதும் நான் மறுபடி எழும்பினேன். காதர் நானாவுக்கு வேறு இடம் வேண்டும் என்று கேட்டேன். கோபுரத்துக்குச் சோளகம் வராத பக்கத்தில், புது இறங்குதுறைக்கு அப்பால், கூரை போட்ட கொட்டிலோடு கொடுத்தார்கள். பண்ணை விண்ணப்பம் அன்றே தள்ளுபடியானது. வெளியே வந்தபோது காதர் நானா என் அருகில் வந்து, "இனி என்ட அடுப்பு எரியுதாண்டு பாத்துட்டிருக்க மாட்டீங்களே?" என்று கேட்டார். அந்தப் பக்கம் முட்டை வராது நானா, பயப்படாதீர்கள் என்றேன். முட்டை என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு போனார்.

அடுத்த சோளகத்தில் வாடி அங்கே இல்லை. திங்கள், செவ்வாய், எல்லாக் கிழமையும் கழித்தல். நிசாந்தன் கம்பனியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தார். இப்போது மாணவர்களுக்கு இந்த வழக்கைப் படிப்பிக்கிறாராம். தான் கீறிய வட்டத்தையும் காட்டுவாராம். அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அவர் மேல் எனக்கு நல்ல மதிப்பு.

போன மாதம் கந்தோரிலிருந்து டிலானி என்ற பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏதோ பெரிய பிசகு நடந்துவிட்டது போலக் குரலில் பதற்றம்.

"அன்ரி, ஒரு பிரச்சினை. மரங்கள் கருவிக்கு நல்லாக் கிட்ட வந்திட்டுது. இனி அளக்கிறதெல்லாம் பிழைக்கும். கோபுரத்தை உயர்த்தத்தான் வேணும்."

"எந்தப் பக்கத்து மரம் பிள்ளை?"

"கடல்பக்கம் அன்ரி. அந்தப் பக்கம்தான் ஆக மோசமா வளர்ந்திருக்கு."

இறால் குளம் வெட்டுவதற்கென்று கேட்ட பக்கம் அது. எனக்கு வடிவாகத்தான் கேட்டது. இருந்தாலும் கேட்கவில்லை என்று சொல்லி, மறுபடி ஒருதரம் சொல்ல வைத்தேன்.